இடது பக்கத்து நட்டு

...அதைத்தான் மச்சான் நானும் சொல்றேன். நாலு ஸ்டட்டு, வீலப் பிடிச்சு நிக்கிற போல்ட்டு. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல. ஒரே வீல்ல நாலும் முறிஞ்சு, அஞ்சாவது மட்டும் நட்டோட ஒத்தையா நிக்குது. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கார் ஜாக்கி மேல ஒரு காலத் தூக்கிக்கிட்டு நிக்குது, போறவன் வர்றவனெல்லாம் "என்ன எவேலியோ, நாய்க்குக் கம்பம் கெடைக்கலியா"ன்னு கேக்குறான். நீ உன் வேலையப் பாரு, லேத்துலேர்ந்து கண்ண எடுக்காத. நான் பாட்டுக்கு இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்.

காபி கொண்டாந்திருக்கேன். நானே போட்டது. மண்ணு மாதிரிதான் இருக்கும், குடி. உன் தங்கச்சி மிரேலிஸ் வீட்ட விட்டு வந்து ஆறு நாளாச்சு, மச்சான். ஆறு நாளும் அவிச்ச முட்டை. நேத்து கறுப்பு பீன்ஸ் வேக வெச்சேன், அடி பிடிச்சு, அந்தச் சட்டிய நாய் கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. அத விடு. நான் அவளக் கூப்பிட வரல. ஸ்டட்டு விஷயமா வந்தேன்.

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? தெருவுல, டோமினோ ஆடுறவங்க முன்னாடி, "எம் மச்சான் ஒஸ்மேல் கடைஞ்ச ஸ்டட்டு இரும்பே இல்ல, வெண்ணெய்"னு ஒரு வார்த்தை சொன்னேன். சரி, ரெண்டு வார்த்தை. உங்கப்பாவப் பத்தியும் லேசா ஒண்ணு வந்துருச்சு. அதுக்காகப் பொட்டியத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துடறதா? அஞ்சு மாசம் ஓடுன ஸ்டட்டுதானே, திடீர்னு ஏன் முறியணும்னு நான் கேக்கக் கூடாதா?

இந்தக் காரப் பத்தி உனக்குத் தெரியாததில்ல. காமகுவே ஊரு சித்தப்பா குடுத்துட்டுப் போனப்போ எஞ்சினு ரஷ்யாக்காரனோடது, ஹாரன் எந்த லாரியோடதோ, கதவு பூட்டுறது ஒரு வீட்டுத் தாழ்ப்பாளு. ஸ்டட்டும் நட்டும் கண்டவன் மாட்டுனது. பதினெட்டு வருஷமா நாலு வீல்லயும் எல்லா நட்டும் ஒரே பக்கந்தான் திரும்புச்சு. நல்லாத்தானே இருந்துச்சு? நீதான் எதையும் ஒழுங்காப் பண்ணித் தொலைக்கிறவனாச்சே! மரை தேஞ்சு போச்சு, புதுசா கடைஞ்சு குடுன்னு வந்தா, "இந்தக் கார் பொறந்தப்போ இடது பக்க வீலுக்கெல்லாம் எதிர்ப்பக்கமாத் திரும்புற இடது மரை, உருண்டு உருண்டு நட்டு தானா கழண்டுறக் கூடாதுன்னு அப்படி வெச்சான், நானும் அப்படியே போடறேன்"ன. சொன்ன, சொன்ன. இல்லேங்கல. நான் அப்போ வாசல்ல மாடி வீட்டு சூச்சோ கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். ஒரு காதுலதான் விழுந்துச்சு.

மாட்டுனதும் நான் இல்ல. உன் தங்கச்சிதான் கீழ குந்தி அத்தன நட்டையும் இறுக்குனா. நான் மேற்பார்வை.

ஞாயித்துக்கிழமை இடது பின் வீலு பஞ்சர். ஸ்பேனரப் போட்டு எப்பவும் போல இடது பக்கமாத் திருப்புனேன். அசையல. ஏறி நின்னு மிதிச்சேன். அசையல. சூச்சோ மாடியிலேர்ந்து தண்ணிக் குழாய் ஒண்ணு கொண்டாந்து ஸ்பேனர்ல சொருவுனான், என் உசரம் இருக்கும். ரெண்டு பேரும் தொங்குனோம். டப்புன்னு ஒரு சத்தம். சூச்சோ குப்புற விழுந்தான், முறிஞ்ச ஸ்டட்டு முனையோட நட்டு கையில வந்துருச்சு.

ஆமா, மொதல் ஸ்டட்டு தெரியாமப் போச்சு. அது ஒத்துக்கறேன்.

அது என்ன கடையற? யாரோட சாமான்? ...என்னோடதா? மூணு முடிச்சுட்டியா? நான் இன்னும் கேக்கவே இல்லியே மச்சான். இப்படி நீ பாட்டுக்கு எனக்கே கடைஞ்சு குடுத்தா எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டு திட்டு திட்டித் தொலையேன்.

சரி. லேத்த நிறுத்தாத, ஓடட்டும். உள்ள இருக்கிறவ காதுல விழ வேணாம். ஸ்பேனர ரெண்டாவது நட்டுல போடறப்போ மிரேலிஸ் பால்கனியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. "எவேலியோ, அந்தப் பக்கம் இல்ல, வலது பக்கமாத் திருப்பு, அது எங்கண்ணன் போட்ட இடது மரை"ன்னா. தெருவே கேட்டுச்சு. டோமினோ ஆடுறவனெல்லாம் கட்டய வெச்சுட்டு என்னப் பாக்குறான். பதினெட்டு வருஷமா கார் ஓட்டுறவன் நான். அவ சொன்னதும் எனக்கு மண்டையில உறைச்சுருச்சு, மச்சான். இடது மரைன்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் இடது பக்கமாவே திருப்புனேன். ரெண்டாவது முறிஞ்சுது. மூணாவதும் தெரிஞ்சுதான். நாலாவதுல ஒரு நிமிஷம் ஸ்பேனரக் கீழகூட வெச்சேன், ஆனா அத்தன பேரு முன்னாடி எப்படித் திருப்பி மாத்துறது? அதான் பழிய உன் இரும்பு மேல போட்டேன். உன் ஸ்டட்டு தங்கம் மச்சான்! எருமை நான்தான்! அவ இல்லாம வீட்டுல இருக்கவே முடியல, ராத்திரி சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து அழுதேன்!

...ஏன் நிறுத்துன? ஓ, கரண்ட் போயிருச்சா. எப்பப் போச்சு? ...நான் எருமைன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

மிரேலிஸ். நீ எவ்ளோ நேரமா அங்க நிக்கற?

...ஆமா. வலது பக்கம். வலது பக்கமாத் திருப்புனாத்தான் கழலும். ...சத்தமாவா? வலது பக்கம்! ...தெருவுலயும் சொல்றேன். டோமினோ மேஜைக்கு முன்னாடியே நின்னு சொல்றேன். உங்கண்ணன் இரும்பு, உங்கப்பா, எல்லாத்தையும் சேத்தே சொல்றேன். பொட்டிய இப்படிக் குடு, கனமா இருக்கும்.

இல்லயா? பொட்டி உன்கிட்டயே இருக்கட்டுமா? அப்போ என்கிட்ட என்ன கேக்கற... ஸ்பேனரா?

இந்தா, இடுப்புலதான் சொருவி வெச்சிருக்கேன். வீட்டுக்கு வந்து அஞ்சாவத நீயே கழட்டு. நான் பால்கனியில துணி காயப் போடறேன்.