தட்டி விட்ட காலி இடம்

பேர் வாசிக்கிறதுக்கு முன்னால கொஞ்சம் காது குடுங்க மக்களே. சின்ன சம்பவம்தான்... சொல்லிட்டு உக்காந்துடுதேன்.

கடல்ல உயிர் போனவங்க பேரை வருசா வருசம் இங்க நின்னு வாசிக்கிறோம். ஒரு பேர், ஒரு மணி. அந்த மணிச் சத்தம் ஓயிற வரைக்கும் எல்லாரும் சும்மா நிக்கிறோம். அப்புறம்தான் அடுத்த பேர். இந்த வருசம் கமிட்டியில சொல்லுதாங்க... "அறுபத்து மூணு பேர் இருக்கு, வெயில் ஏறிடுது. பேரைக் கடகடன்னு வாசிச்சுட்டு, கடைசியில ஒரே மணியா அடிச்சுடுவோம்." தப்பான ஆளுங்க இல்ல. நல்ல மனசோடதான் சொல்லுதாங்க. அதனாலதான் இந்தச் சம்பவம்.

தஸ்நேவிஸ் அண்ணனும் இந்தச் சலேத்தும் ஒரே சரக்குக் கப்பல். அவரு ஆபீஸ் அறையில எழுத்து வேலை, நான் மேல்தட்டுல கயிறு இழுக்கிறவன். எனக்குப் படிப்பு வராது. என் வீட்டுக்காரிக்கு நான் சொல்லச் சொல்ல அவருதான் டைப்ரைட்டர்ல அடிச்சுக் குடுப்பாரு. தமிழைத்தான், இங்கிலீஷ் எழுத்துல. அதனால அந்த மிஷின் பக்கத்துல நான் உக்காந்த நேரம் கொஞ்சமில்ல. எழுத்துன்னா டிக்... டிக். அடியில நீளக் கட்டை ஒண்ணு இருக்கும், காலி இடம் விடுறதுக்கு. அது தொப்... தொப். எழுத்து தெரியாதவனுக்கு அந்தச் சத்தம்தான் எழுத்து!

அவரு தன் பெண்டாட்டிக்கு, எர்மலின் மைனிக்கு, கடுதாசி அடிச்சா கடைசியில எழுத்தாலேயே ஒரு தோணி போடுவாரு. பாய்மரம், கயிறு, எல்லாம் எழுத்துதான். தோணியில பெரிய எழுத்து ஒண்ணு, அது மைனி. சின்ன எழுத்து ஒண்ணு, அது ரெண்டு வயசு மக ஜாஸ்லின்.

அப்படி ஒரு கடுதாசி போட்ட பதினோராம் நாள், கப்பல்லயே காய்ச்சல்ல போயிட்டாரு. துணியில சுத்திக் கடல்லதான் இறக்கினோம். மைனிக்குப் பூ வைக்க ஒரு கல்லறை கிடையாது. அந்தத் தோணி ஒண்ணுதான்.

தாள் நைஞ்சு வருதுன்னு ஒரு கம்ப்யூட்டர் கடையில அதை அப்படியே அடிச்சு வாங்கி வச்சாங்க. வெள்ளம் வந்த வருசம் தாள் போச்சு, கம்ப்யூட்டர்ல அடிச்சது மட்டும் மிச்சம். இப்ப மைனிக்குக் கண் மங்கிடுச்சு. வெளிச்சம் அடிக்கிற திரையைப் பார்க்க முடியல. ஜாஸ்லின் ஒரு ஈ-ரீடர் வாங்கிட்டு வந்தா. தாள் மாதிரியே இருக்கும், எழுத்தைப் பெருசாக்கிக்கலாம். கடுதாசியை அதுல ஏத்தினா... வார்த்தை வந்துச்சு. தோணி வரல. சிந்தின அரிசி மாதிரி கிடந்துச்சு.

போன மாசம் நான் போயிருந்தப்ப ரெண்டு பேரும் அதோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க.

"சித்தப்பா, இதுல இருக்கிற ஃபாண்ட்ல ஒல்லி எழுத்துக்குக் கொஞ்ச இடம், தடி எழுத்துக்கு நிறைய இடம். அப்பா மிஷின்ல எல்லாத்துக்கும் ஒரே இடம். அந்த மாதிரி ஃபாண்ட் ஒண்ணு கொண்டாந்து போட்டிருக்கேன், இந்தச் சனியன் எடுக்க மாட்டேங்கு."

"திட்டாதடீ, அதுக்கும் காது இருக்கும்"ங்குது மைனி.

மூணு தடவை அழிச்சு, மூணு தடவை ஏத்தினா. நாலாவது தடவை எடுத்துக்கிச்சு. எழுத்தெல்லாம் ஒரே அளவு. ஆனா பாய்மரம் இடதுபக்க ஓரத்துல சாஞ்சு கிடக்கு. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தோளோட தோள் ஒட்டி நிக்கு.

மைனி முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

"போதும்மா. இப்படியே இருக்கட்டும். தாள்ல அவரு என்னையும் புள்ளையையும் எட்ட எட்ட நிப்பாட்டியிருந்தாரு. ஏன் பிரிச்சு வச்சாருன்னு எனக்கு நாப்பது வருசமா மனசுல ஒரு முள்ளு. இதுதான் நல்லாருக்கு."

நான் உடனே குறுக்கிட்டேன்.

"மைனி... அது பிரிச்சு வச்சதில்ல. நான் பக்கத்துல இருந்தேன். உங்களை அடிச்சாரு, டிக். அப்புறம் தொப்... தொப்... தொப். அப்புறம் புள்ள, டிக். நான் கேட்டேன், 'ஏண்ணே நடுவுல சும்மா தட்டுதீங்க?' அவரு சொன்னாரு, 'ஏல சலேத்து, அது நான் நிக்கிற இடம்ல. ஊர் வந்ததும் போய் நின்னுக்கிடுவேன். அதுவரைக்கும் தட்டித்தாம்ல வைக்கணும், இல்லன்னா தோணி சாஞ்சிடும்.'"

ஜாஸ்லின் மெதுவா கேட்டா, "இத ஏன் சித்தப்பா இத்தனை நாளும் சொல்லல?"

மைனிக்குத் தெரியும்னு நினைச்சேன். படிச்சவங்களுக்கு எல்லாம் தெரியும்னு நினைக்கிறதுதானே என்னை மாதிரி ஆளு செய்யுற தப்பு!

அப்புறம்தான் ஜாஸ்லினுக்கு விசயம் பிடிபட்டுச்சு. எத்தனை காலி இடம் இருந்தாலும் இந்த ஈ-ரீடர் ஒண்ணாக்கிடுமாம். வரி ஆரம்பத்துல இருந்தா மொத்தத்தையும் விழுங்கிடுமாம். "காலி இடத்தை உள்ளபடியே வை"ன்னு ஒரு வரி எழுதி மறுபடி ஏத்தினா.

தோணி நிமிந்துச்சு மக்களே. பாய்மரம் நடுவுல நின்னுச்சு. இந்தப் பக்கம் மைனி, அந்தப் பக்கம் புள்ள, நடுவுல... ஒரு ஆளு கையை வீசி நிக்கிற அளவு காலி. மைனி அந்தக் காலி இடத்துல விரலை வச்சது. எடுக்கவே இல்ல. "இங்கதான் நின்னீகளா"ன்னு ஒரு வார்த்தை. எங்கிட்ட கேக்கல, ஜாஸ்லின்கிட்டயும் கேக்கல.

என்ன சொல்ல வாரேன்? காலி இடத்தை மூடினா நெருக்கமா இருக்கிற மாதிரிதான் இருக்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா தோணி சாஞ்சிடும். நம்ம வீட்டுல ஒருத்தர் இல்லன்னா, அந்த இடம் ஒண்ணுமில்லாத இடமா? இல்ல... அவங்க அளவுக்கு இருக்கிற இடம். பேருக்கும் பேருக்கும் நடுவுல நாம சும்மா நிக்கிறோமே, அது வீணாப் போற நேரமா? அங்கதானய்யா அவங்க வந்து நிக்காங்க! அதைத் தட்டித்தான் வைக்கணும். அறுபத்து மூணு பேருக்கும் தட்டணும். வெயில் ஏறினா ஏறட்டும், தலையில துண்டைப் போட்டுக்குவோம்.

மைனி முன் வரிசையில இருக்கு. வாசிக்கிற தம்பி, இந்தத் தடவை தஸ்நேவிஸ் பேர்ல ஆரம்பி. மணியை அடி...

அவசரப்படாதீங்க. இன்னும் மணி ஓயல.