காய்ச்சல் வருடத்து அறை

நாற்காலியில் கயிறு கட்டுவது எனக்குப் பிடிக்காது. நினைவு இல்லங்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய மனிதர் உட்கார்ந்த நாற்காலி, அதன் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு சிவப்புக் கயிறு. உட்காராதே என்று சொல்ல வேறு வழி தெரியாதவர்கள் செய்கிற வேலை அது. நாற்காலியைச் சரியான கோணத்தில், ஜன்னல் வெளிச்சம் விழும்படி போட்டுவிட்டால் யாருக்கும் உட்காரத் தோன்றாது. நான் வடிவமைத்த எந்த வீட்டிலும் கயிறு கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கவனக்குறைவான ஆள் இல்லை. டாக்டர் வீட்டில் நடந்ததைக் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடலாம் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனால் அந்தச் சொல் என் வேலைக்குப் பொருந்தவில்லை. அதனால்தான் இன்று நானாகவே வந்தேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். ஒருவர் வாழ்ந்த வீட்டை நினைவு இல்லமாக மாற்றும்போது, அதை எந்த வருடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்குள் பல வருடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். கல்யாணத்துக்கு வந்த கட்டில், அதற்குப் பிறகு வாங்கிய மின்விசிறி, கடைசி காலத்து மாத்திரை டப்பா. எல்லாவற்றையும் அப்படியே வைத்தால் அது பழைய சாமான் கடை. ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின்னால் வந்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் வந்து பார்க்கிறவருக்கு ஒரு மனிதர் தெரிவார்.

டாக்டருடைய வருடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊரில் விஷக்காய்ச்சல் பரவிய வருடம். மற்ற மருத்துவர்கள் குடும்பத்தோடு வெளியேறியபோது இவர் மட்டும் இருந்தார். கீழே மருத்துவமனை, மேலே வீடு. நினைவு இல்லக் குழுவின் செயலாளரே அந்தக் காய்ச்சலில் பிழைத்த குழந்தைதான். டாக்டர் வீட்டை ஊருக்கு எழுதிக் கொடுத்தபோது இரண்டு நிபந்தனைகள் வைத்தார். சாகும்வரை அங்கேதான் இருப்பார். அவர் உயிரோடு இருக்கும்வரை திறக்கக் கூடாது.

குழு ஒப்புக்கொண்டது. அவருக்கு வயதாகியிருந்தது, இதயமும் பலவீனம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வேலை முடிவதற்கும் அவர் முடிவதற்கும் சரியாக இருக்கும் என்று எல்லோருமே ஒரு கணக்குப் போட்டிருந்தோம்.

வேலை முடிந்தது. டாக்டர் நன்றாக இருந்தார்.

உங்களுக்குச் சிரிப்பு வருவது புரிகிறது. அவரும் சிரிப்பார். நான் எப்போதும் அளவு நாடாவோடு திரிவதால் என்னை டேப்பு என்றுதான் கூப்பிடுவார்.

"வாம்மா டேப்பு. இன்னும் உசிரோடதான் இருக்கேன். மன்னிச்சுக்கோ."

"என்ன டாக்டர் இப்படிப் பேசறீங்க."

"பின்ன என்ன? என் நாற்காலியில நான் உக்காந்தா நீ ஒரு பார்வை பாக்கற பாரு. பொம்மை மியூசியத்துல பொம்மைகூட உக்காந்துதான் இருக்கு."

அவர் எழுந்து போனதும் நாற்காலியைப் பழைய கோணத்துக்குத் திருப்பி வைப்பேன். வாரத்துக்கு இரண்டு முறை அங்கே போவேன். ஒவ்வொரு முறையும் அறை கலைந்திருக்கும். மேசையில் காய்ச்சல் வருடத்து மைக்கூட்டுக்குப் பக்கத்தில் அவருடைய பல் செட் ஒரு டம்ளரில் கிடக்கும். அந்தக் காலத்துக் கோட்டின் மேல் துண்டு காயும். எல்லாவற்றையும் எடுத்து, துடைத்து, வரைபடத்தில் இருக்கிறபடி வைத்துவிட்டு வருவேன். மறுமுறை போனால் மறுபடியும் டம்ளர். இப்படி மூன்று வருடம். சாகாத ஒருவருக்கு நினைவு இல்லம் பராமரிப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டின் மாடிப்படியைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டீர்கள். குறுகலான கல் படி. கட்டிய காலத்தில் கைப்பிடி கிடையாது. கைப்பிடி, படி விளிம்புகளில் ஒட்டிய ரப்பர் பட்டை, மேலே போட்ட வெள்ளை விளக்கு, மூன்றுமே பின்னால் வந்தவை. எனவே மூன்றையும் எடுத்தேன். ஊர் மக்கள் அந்தப் படியில் ஏறப் போவதில்லை. அவர்களுக்காக வீட்டின் பின்புறம் தனியாக ஓர் இரும்புப் படி போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடி, அகலமான மிதி, நல்ல வெளிச்சம். அதில் ஒரு குழந்தைகூடத் தனியாக ஏறலாம்.

சமையல் அக்கா அன்றைக்கே சண்டை போட்டார். டாக்டருக்குச் சமைத்துப் போட்டுக் கவனித்துக்கொண்டவர் அவர்தான்.

"மேடம், கம்பிய ஏன் கழட்டறீங்க? ஐயா எதப் புடிச்சுட்டு எறங்குவாரு?"

"பின்னாடி புதுப் படி இருக்கே அக்கா."

"அதத்தான் பூட்டி வெச்சிருக்கீங்களே."

"சோதனை முடியல. முடிஞ்சதும் திறந்துடுவோம்."

"அதுவரைக்கும் ஐயா பறந்து வருவாரா?"

அதுவரைக்கும் அக்காவே கை கொடுத்தார். காலையில் வந்ததும் மேலே போய் அவரைப் பிடித்துக் கீழே கூட்டி வருவார். மாலையில் வீட்டுக்குப் போகும் முன் மேலே கொண்டுபோய் விடுவார். கீழேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா எத்தனையோ முறை கெஞ்சினார். டாக்டர் கேட்கவில்லை. மேலறையில்தான் தூங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை.

சோதனை முடிந்து வெகு நாளாகிவிட்டது. சாவி என் கைப்பையில்தான் இருந்தது. திறந்தால் அவர் அதையும் பயன்படுத்துவார், புதுப் பூச்சில் கீறல் விழும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

கழற்றிய கம்பியின் மேல் பொருத்தியிருந்த கைப்பிடி மரத்தை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து நான்காவது படிக்கு நேராக அதில் மெருகு முழுவதும் போயிருந்தது. அந்தப் படி மற்றவற்றைவிட ஒரு விரல் உயரம் அதிகம். பழைய கொத்து வேலையில் அப்படி அமைவது உண்டு. அந்த இடம் வந்ததும் அவர் கை தானாகவே இறுக்கிப் பிடித்திருக்கிறது, பல வருடமாக. அதை எந்தத் தொழிலாளியும் கவனித்திருக்க மாட்டான். நான் கவனித்தேன். கவனக்குறைவு என்ற சொல் எனக்கு ஏன் ஒட்டவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஆனாலும் நான் எதுவும் செய்யவில்லை. அவர் மனம் மாறாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் அந்த டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

ஒரு மாலை அவர் என்னை மேலறைக்குக் கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"டேப்பு, இந்த வருஷம் வேண்டாம்மா."

"எந்த வருஷம் டாக்டர்?"

"காய்ச்சல் வருஷம். அந்த வருஷம் இந்த ரூம்ல நான் எங்க இருந்தேன்? இங்க காய்ச்சலோட படுத்துக் கெடந்தது என் பொண்டாட்டி. நான் கீழ நோயாளிங்களோட கெடந்தேன். ஊரெல்லாம் என்னைக் கும்பிட்டுது. மேல ஏறிவர எனக்கு நேரமில்ல. ஒரு நாள் ஏறி வந்து பாத்தேன்." போர்வையின் ஓரத்தைத் தடவினார். "நீ இங்க என் கண்ணாடி, என் பேனா, என் கோட்டுன்னு வெச்சிருக்க. அவ சீப்புகூட இல்ல."

"அம்மாவோட படம் கீழ மாட்டியிருக்கோமே டாக்டர்."

"மாட்டியிருக்க, மாட்டியிருக்க. பாத்ரூம் போற வழியில."

அந்தச் சுவர் ஒன்றுதான் காலியாக இருந்தது.

"நீ வர்றதுக்கு முன்ன எப்படி இருந்துதோ அப்படியே விட்டுடு," என்றார். "மாத்திரை, பல் செட்டு, தடி, எல்லாம் இருக்கட்டும். அந்தக் கம்பியையும் திரும்ப மாட்டிடு. பொண்டாட்டியப் பாக்க நேரமில்லாதவன், அவ போனப்பறம் எத்தன வருஷம் இந்த ரூம்லயே வந்து படுத்துக் கெடந்தான்னு ஜனங்க பாக்கட்டும். அதுதாம்மா நான். நாளைக்குச் செயலாளர் வர்றான் இல்ல? சொல்லிடறேன். நான் சொன்னா தட்ட மாட்டான்."

"சரி டாக்டர்," என்றேன்.

செயலாளர் தட்ட மாட்டார் என்பது எனக்கும் தெரியும். சுவரின் நிறம் மாறும். தரை மாறும். ஜன்னல்களைக் காய்ச்சல் வருடத்து மாதிரியில் புதிதாகச் செய்து பொருத்தியிருந்தேன், அவை போகும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. உள்ளே வருகிறவர்கள் ஒரு வீரரைப் பார்க்க வந்து, பல் செட்டுக்குப் பக்கத்தில் வருத்தப்படுகிற ஒரு கிழவரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் மேல் எனக்கு மதிப்பு இருந்தது. அவரை அவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருந்தது.

கீழே இறங்கி வந்து அக்காவிடம், நாளைக் காலையில் நானே வந்துவிடுகிறேன், நீங்கள் மெதுவாக வாருங்கள் என்றேன். அவர் மகளுக்குப் பிரசவமாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காலையில் கொஞ்ச நேரம் கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். "நல்லா இருப்பீங்க மேடம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இப்போது தன்னைத்தானே குற்றம் சொல்லி அழுவதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் சொல்லுங்கள், அவர் மேல் தவறில்லை.

காலையில் நான் போனபோது டாக்டர் விழித்துவிட்டிருந்தார். தடி சத்தம் கேட்டது. படியின் மேல் முனையில் வந்து நின்றார்.

"யாரு, அக்காவா?"

"நான்தான் டாக்டர்."

"டேப்பா? அக்கா எங்க?"

"லேட்டா வருவாங்க."

"அப்ப அந்தப் பின்னாடி படியத் தொறந்து விடேன்."

"சாவி ஆபீஸ்ல இருக்கு டாக்டர்."

"சரி, மேல வந்து ஒரு கை குடு."

"கையில சாமான் இருக்கு. மெதுவா வாங்க டாக்டர். பழகின படிதானே."

என் கையில் கைப்பை மட்டும்தான் இருந்தது. அவருக்குக் கண் மங்கல், பழைய மஞ்சள் விளக்கு வேறு. அவர் என்னை நம்பினார். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார். நான்காவது படியில் அவர் மறு கை தடியை விட்டுவிட்டுக் கம்பி இருந்த இடத்தைத் தேடியது.

விழுந்த பிறகு அவர் தெளிவாகவே இருந்தார். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடைசிப் படியில் தலை, தரையில் உடம்பு. மருத்துவர் அல்லவா, என்ன உடைந்திருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

"என்னத் தூக்காத," என்றார். "கழுத்த அசைக்காத. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. பயப்படாதம்மா, சரியாயிடும்."

எனக்குத் தைரியம் சொன்னார். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி மேலே போனேன்.

அறையில் காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. டம்ளரை எடுத்தேன். மாத்திரை டப்பா, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்தேன். கோட்டை நாற்காலியின் முதுகில் போட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். பேனாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். தலையணையில் அவர் தலை பதிந்த குழி இருந்தது. அதை மட்டும் தொடவில்லை. அப்படி ஒன்றை நம்மால் செய்ய முடியாது, எவ்வளவு முயன்றாலும் செயற்கையாகத் தெரியும்.

கீழேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். முதல் முறை டேப்பு என்று. இரண்டாவது முறை கூப்பிட்ட பெயர் என்னுடையதல்ல. அவர் மனைவியின் பெயர் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு சத்தமில்லை. நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு இறங்கினேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் பேசினேன்.

போர்வையை யார் மடித்தது என்று நேற்று கேட்டீர்கள். ஐயா பிறந்ததிலிருந்து ஒரு போர்வையை மடித்தவர் இல்லை என்று அக்கா சொன்னாராம். நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன். நான்தான் மடித்தேன். கைப்பிடியை எடுத்ததும், சாவியை வைத்துக்கொண்டதும், அக்காவை வரவிடாமல் செய்ததும், அவர் கூப்பிட்டபோது போகாமல் இருந்ததும் நான்தான். டாக்டரைக் கொன்றது நான்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. எல்லோரும் இரும்புப் படியில் வரிசையாக ஏறினார்கள். அறை வாசலுக்கு வந்ததும் பேச்சு தானாக நின்றது. கயிறு எதுவும் தேவைப்படவில்லை. வெளியூரிலிருந்து டாக்டரின் மகள் வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்று அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதார்.

"அப்பா இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கும்மா," என்றார்.

ஆமாம் என்றேன். என் தொழிலில் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.