கடலைப் பார்த்த ஸ்பீக்கர்

படுக்கையறைக்குள் வெளியிலிருந்து சத்தம் வரக்கூடாது என்றால் முதலில் கதவுக்கடியில் இருக்கும் இடுக்கை அடைக்க வேண்டும் சார். எல்லோரும் ஜன்னலில்தான் போய்ப் பணத்தைக் கொட்டுவார்கள். நான் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன். பிறகுதான் ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி. கடல் பக்கத்துச் சுவரில் துணி பீரோவை நகர்த்தி வைத்தேன். புதுப்பட்டினத்தில் அவ்வளவு நிசப்தமான அறை வேறு இருக்காது.

எல்லாம் சங்கரிக்காகத்தான். என் மனைவி. புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரவெல்லாம் முனகுவாள். விடியும் நேரத்தில்தான் கொஞ்சம் கண் அசருவாள். அந்த நேரம் பார்த்துக் குப்பத்துக் கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு போடுவார்கள். இத்தனை செய்தும் அது மட்டும் உள்ளே வந்தது.

மீன் கொண்டுவரும் சொர்ணத்திடம் நல்லவிதமாகவே கேட்டேன், பாட்டை நிறுத்தக் கூடாதா என்று.

"அது சாமிக்கு மட்டும் இல்ல சார். பனி மூடிக்கினா கரை எங்க கீதுன்னே தெரியாது. பாட்டு வர்ற பக்கம் பாத்துதான் எங்க வூட்டுக்காரு போட்டத் திருப்பும். அக்காவுக்காகச் சவுண்ட கம்மி பண்ணச் சொல்றேன்."

சொன்னபடி குறைத்தார்கள். அதுவும் போதவில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை போய் ஸ்பீக்கர் வயரை வெட்டினேன். செடி வெட்டும் கத்தரிதான். கோயிலுக்குப் பின்னால் கைக்கு எட்டும் உயரத்தில் போகிறது. திரும்பும்போது பனியில் என் வீட்டு கேட்டே தெரியவில்லை. அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வந்து, சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

மற்ற போட்டுகள் பனி விலகும்வரை கடலிலேயே நின்றுவிட்டன. சொர்ணத்தின் கணவன் இருசப்பன் மட்டும் குத்துமதிப்பாகக் கரையைத் தேடி வந்து, அலைதடுப்புக் கற்களில் மோதிச் செத்துப்போனான். வயரை எலி கடித்திருக்கும் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள்.

பொங்கலுக்குள் சங்கரியும் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது சார். தாலி இல்லாத கழுத்தோடு சொர்ணம் துக்கம் கேட்க வந்தாள். "கடைசி நாள்லயாவது அக்கா நல்லாத் தூங்குச்சா சார்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தூங்கினாள் என்று தலையாட்டினேன்.

தூங்கவில்லை. வயரை வெட்டிய அன்று நான் கண் விழித்தபோது சங்கரி விழித்துத்தான் கிடந்தாள். "ஏங்க, இன்னிக்குப் பாட்டு வரலியே? அது கேட்டாத்தானே விடிஞ்சிடுச்சுன்னு நிம்மதியா எனக்குக் கண்ணசரும்," என்றாள்.

அதை அவள் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறாள் சார். சத்தம் பொறுக்காதவன் நான்தான்.