பேர் சொல்லாத நாலு கிளாஸ்

பார்காரர்: ...போன்ல கேட்ட மாதிரியே நாலு விஸ்கி, பேரைச் சொல்லாம. ஆனா மத்தியானம் மூணு மணிக்கு, காலி பார்ல, குடிக்கவும் மாட்டேன்னு வர்ற முதல் ஆள் நீங்கதாம்மா.

வந்தவள்: பொழுதுபோகலண்ணே. மோந்து பாக்கறதோட சரி.

பார்காரர்: அதுக்குக் கண்ணை வேற மூடிக்கணுமா?

வந்தவள்: நிறத்தைப் பாத்தா மனசு ஏமாத்தும். கொடுங்க...

பார்காரர்: இந்தாங்க... என்னம்மா, கிளாஸுக்குள்ளயே மூக்கை விட்டுட்டீங்க?

வந்தவள்: அவசரப்படுத்தாதீங்க... வெனிலா. காய்ச்சின சர்க்கரை. பின்னாடியே... மக்காச்சோளம். உள்ள கருக்கின புதுப் பீப்பாய்ல கெடந்தது. போர்பன்!

பார்காரர்: அட! இது?

வந்தவள்: இதுவும் இனிப்பு... இல்ல இல்ல, மூக்கு நுனியில ரை தானியத்தோட மிளகுக் காரம் குத்துது. ரை.

பார்காரர்: மூக்கா அது! என் ஆளுங்களே இது ரெண்டுலயும் கோட்டை விடுவாங்க. மூணாவது...

வந்தவள்: மெத்துனு இருக்கு. பச்சை ஆப்பிள், தேன்... மூணு தடவை வடிச்சிருக்காங்க. ஐரிஷ்.

பார்காரர்: தப்பு.

வந்தவள்: ...தப்பா?

பார்காரர்: ஸ்காட்ச். வழக்கமா ரெண்டு தடவை, இதை மட்டும் மூணு தடவை வடிக்கறாங்க. பெரிய ஆளுங்களே வழுக்கி விழற இடம்... ஏம்மா, அதையே திரும்பத் திரும்ப மோந்து பாக்கறீங்க?

வந்தவள்: அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாலாவது எங்க?

பார்காரர்: பக்கத்துலயே இருக்கு.

வந்தவள்: புகை! கடலோரத்துல மழைல நனைஞ்ச அடுப்பு மாதிரி... ஐயோ, புகைண்ணே! சதுப்பு மண்ணை எரிச்ச பீட் புகை!

பார்காரர்: இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? கண்ணைத் தொறங்க. ஒண்ணு கலந்து தர்றேன். இதைக் குடிச்சுத்தான் ஆகணும்.

வந்தவள்: ரை... இனிப்பு வெர்மூத் ஒயின்... ரெண்டு சொட்டு கசப்புச் சாறு, பிட்டர்ஸ். மன்ஹாட்டன் காக்டெயிலா? அந்தக் கரண்டி சத்தமே இல்லாம சுத்துதே!

பார்காரர்: குலுக்கினா கலங்கிடும்மா. எலுமிச்சையும் முட்டை வெள்ளையும் சேர்ற விஸ்கி சவர்ங்கற காக்டெயிலைத்தான் போட்டுக் குலுக்கணும். ஓல்ட் ஃபேஷண்ட்னு இன்னொண்ணு, அது இன்னும் பொல்லாதது. சர்க்கரை, பிட்டர்ஸ், ஆரஞ்சுத் தோல்... அவ்வளவுதான். விஸ்கி மட்டமா இருந்தா ஒளிஞ்சுக்க இடமே கிடையாது.

வந்தவள்: ஆஹா... கையில என்னமோ வச்சிருக்கீங்கண்ணே. எவ்வளவு நாளாச்சு இப்படி ஒண்ணைக் குடிச்சு!

பார்காரர்: நீங்க வெறும் பொழுதுபோக்குக்கு வந்தவங்க மாதிரி தெரியலயே...

வந்தவள்: பொய்தான் சொன்னேன். நான் விஸ்கி கம்பெனில பிளெண்டர். எந்தப் பீப்பாயை எதோட சேக்கறதுன்னு மோந்து சொல்றதுதான் வேலை. எட்டு மாசம் முன்னாடி ஒரு காய்ச்சல்ல... வாசனையே போயிடுச்சு. எம் பொண்ணு தலைல முகம் வச்சாக்கூட ஒண்ணும் தெரியாது. இப்போ லேசா திரும்பி வர்ற மாதிரி இருந்துச்சு. திங்கக்கிழமை வேலைக்குப் போறதா, ராஜினாமாவைக் கொடுக்கறதா... அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடல.

பார்காரர்: நானும் ஒண்ணை மறைச்சுட்டேம்மா. நீங்க போன்ல பேசினதை உங்க வீட்டுக்காரர் கேட்டிருக்கார். காலைலயே இங்க வந்து, 'அவ எதைச் சொன்னாலும் சரின்னுடுங்க, தப்புன்னா உடைஞ்சு போயிடுவா'ன்னு கெஞ்சினார். மூக்கை நம்பிப் பொழைக்கறவங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரல. மூணாவது தவிர நீங்க சொன்ன மூணும் நிஜமாவே சரி. எதிர்ல கார்ல நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், போய் அவரையும் மூச்சு விடச் சொல்லுங்க.