பெரட்டுக் களத்தில் பிரான்சு ராஜா

அட்டனிலிருந்து டயகம செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஆசிரியர் இருவர் அமர்ந்திருந்தனர். பிறர் உரையாடலைச் செவிமடுப்பது என் வழக்கமன்று. ஆயினும் மூத்தவரின் கேள்வி என்னை நாளிதழை மடித்து வைக்கச் செய்தது.

"என்னா டீச்சர், பிரான்சு ராஜாவப் பெரட்டுக் களத்துல நிக்க வச்சிட்டீங்களாமே?"

"நடிச்சுக் காட்டணும்னு பாடத்துலயே இருக்கு சேர். இன்டர்நெட்டுல இலவசமா கெடைக்கிற உலக வரலாற்றுப் பாடம். அரசாங்கப் பாடத்திட்டத்தோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் விடுபடல. தேயிலைத் தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் குடுக்கக் கூடுற பெரட்டுக் களந்தான் புள்ளைங்களுக்குத் தெரியும். அதான் புரட்சிய அங்கயே வச்சோம்."

"பள்ளிக்கூடத்து அதிபர் என்னா சொல்றாரு?"

"தாய் தகப்பன் ஒத்துக்கிட்டா வருஷம் பூரா நடத்தலாமாம். நாளைக்குக் கூட்டம். பயமா இருக்குங்க."

"சும்மா கெடைக்கிறத நம்ம சனம் நம்பாதே டீச்சர். காசு வாங்குற டியூசன்தான் படிப்புன்னு நெனைக்கும்."

ஆசிரியையின் முகம் வாடியது. அப்போது, பக்கத்து இருக்கையிலிருந்த கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் திரும்பினார்.

"டீச்சர், எங்க சுமதிதான் அந்த ராஜா."

"ஐயோ, வீட்டுல ஏதும் பிரச்சினைங்களா அக்கா?"

"பிரச்சினைதான். ராஜா கொடம் தூக்க மாட்டாராம். அவங்கப்பாகிட்ட வரி கேக்குறா. முந்தியெல்லாம் பள்ளிக்கூடத்தப் பத்தி வாயே தொறக்க மாட்டா. நாளைக்கு மொதக் கை என்னோடதுதான், இந்தப் பாடத்தையே நடத்துங்க. ஆனா ராஜாவ மட்டும் வெரசா எறக்கிவுடுங்க டீச்சர், வீட்டுல தண்ணி இல்ல."