தெப்பத்துக்கு ஏற்றிய மின்சாரம்

சேவுகன்: …அதான் சொல்றேன்ல, அந்தக் கம்பியை மிதிக்காத. மிதிச்சின்னா குளத்துக்கு அக்கரையில போயித்தான் விழுவ.

அன்னக்கிளி: சத்தமாச் சொல்லுங்க டிரைவரே! உங்க என்ஜின் கத்துற கத்துல ஒண்ணும் கேக்கல.

சேவுகன்: கம்பிய மிதிக்காதன்னேன்! சோத்தை அங்குட்டு மரத்தடியில வச்சிட்டுப் போ.

அன்னக்கிளி: நீங்க தின்னு முடிக்கிற வரைக்கும் இருந்து, சட்டியக் கழுவி எடுத்துட்டு வரச் சொன்னாக ஆச்சி.

சேவுகன்: ஆச்சி சொன்னாகளா, நீயாச் சொல்றியா?

அன்னக்கிளி: யாரு சொன்னா என்ன, சோறு ஒண்ணுதானே. ஆமா, இந்தக் கருப்புப் பெட்டியெல்லாம் என்னத்துக்கு? பந்தியில உக்காந்த மாதிரி ரெண்டு வரிசையா வச்சிருக்கீக?

சேவுகன்: பந்தியேதான். இது பாட்டரி. என்ஜின் ஓடுனா டைனமோ சுத்தும், அதுல வர்ற மின்சாரத்தை இதுக திங்கும். நேத்து பாதி வயிறு ரொம்பிருச்சு. மீதி இன்னைக்கு. பொழுது சாய தெப்பத்துல ஏத்தி வச்சா, சாமி மூணு சுத்து வர்ற வரைக்கும் பல்பு எரியும்.

அன்னக்கிளி: அதுக்கு இந்த என்ஜினையே தெப்பத்துல ஏத்திட்டாப் போகுது.

சேவுகன்: செட்டியாரும் அதத்தான் சொன்னாரு. ரங்கூன்ல இருந்து கப்பலேறி வந்த சாமான், ஒரு தெப்பத்துல ஏறாதான்னாரு. ஆச்சி விடல. சாமி மூஞ்சியில எண்ணெய்ப் புகைய விட்டீகன்னா நானும் குளத்துல எறங்கிருவேன்னுட்டாக.

அன்னக்கிளி: எறங்குவாக. அவுகளுக்கு நீச்சல் வேற தெரியும்.

சேவுகன்: அதான் இந்தப் பாடு. மாட்டு வண்டியில என்ஜினைக் கொண்டாந்து கரையில வச்சு, பெட்டியில அடைச்சு…

அன்னக்கிளி: ஏன் டிரைவரே… இந்த லைட்டு ரொம்ப வெளிச்சமா இருக்குமோ?

சேவுகன்: பட்டப்பகல் கெட்டது போ! கிழக்குப் படியில நிக்கிற பொம்பளைக மூக்குத்தியில எத்தனை கல்லுன்னு தெப்பத்துல இருந்தே எண்ணிரலாம்.

அன்னக்கிளி: கிழக்குப் படியிலயுமா?

சேவுகன்: அங்கதான் நல்லாப் படும். ஏன், மொகம் இப்படிப் போகுது?

அன்னக்கிளி: ஒண்ணுமில்ல… கிழக்குப் படிகிட்ட வரும்போது மட்டும் செத்த நேரம் அணைஞ்சு எரியாதா?

சேவுகன்: எதுக்கு?

அன்னக்கிளி: சும்மா கேட்டேன்.

சேவுகன்: சும்மா கேக்குற ஆளா நீ?

அன்னக்கிளி: கொத்தமங்கலத்துல இருந்து என்னையப் பாக்க ஆளுக வாராக. வீட்டுக்கு வந்து பாத்துட்டு வேணாம்னு போனா ஊருல பேராயிரும். தெப்பம் பாக்குற சாக்குல படியில நின்னு பாத்துக்கிரட்டும்னு மருதண்ணன் சொல்லிருக்கு.

சேவுகன்: அப்படியா… மாப்பிள்ளை யாராம்?

அன்னக்கிளி: யாரோ. அண்ணன் சொல்லல. பொம்பளப்புள்ள நான் போயி எப்படிக் கேக்க?

சேவுகன்: கேட்டிருக்கலாம்ல… கொத்தமங்கலத்து ஆளுக நல்ல ஆளுக.

அன்னக்கிளி: நீங்களும் அந்த ஊருதானே, வேற எப்படிச் சொல்வீக? ஆனா நான் கேள்விப்பட்டது நல்லா இல்ல.

சேவுகன்: என்ன கேள்விப்பட்ட?

அன்னக்கிளி: காலு ரெண்டும் வளைஞ்சு இருக்குமாம்.

சேவுகன்: யாரு சொன்னா?

அன்னக்கிளி: குறட்டை விட்டா கூரையில இருக்கிற புறாவெல்லாம் பறந்துருமாம்.

சேவுகன்: பச்சைப் பொய்! …இல்ல, பொய்யா இருக்கும்னு சொல்ல வந்தேன்.

அன்னக்கிளி: கிட்டப் போனா மண்ணெண்ணெய் நாத்தமாம்.

சேவுகன்: அது… தொழில் அப்படி இருக்கும். சோப்புப் போட்டாப் போயிரும்.

அன்னக்கிளி: உங்களுக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்? காதெல்லாம் செவந்து போச்சு.

சேவுகன்: என்ஜின் சூடு அப்படி. கிட்ட நின்னா… அட, இந்த முள்ளு ஏன் அசையாம நிக்குது?

அன்னக்கிளி: எந்த முள்ளு?

சேவுகன்: இந்தக் கண்ணாடிக்குள்ள பாரு. பாட்டரிக்குள்ள மின்சாரம் போனா முள்ளு மேல ஏறணும். நேத்து ஏறிச்சு. காலையில பாக்காமலே கிளப்பிட்டேன். இப்பச் செத்துக் கிடக்கு!

அன்னக்கிளி: தூங்குதோ என்னமோ. தட்டிப் பாருங்க.

சேவுகன்: வெளையாடாத அன்னக்கிளி. இந்த வருசம் தீவட்டிக்காரகளுக்கும் சொல்லல, காஸ் லைட்டுக்கும் சொல்லல. இது எரியலைன்னா சாமி நடுக் குளத்துல இருட்டுல நிக்கும். மோட்டார் காருச் சாவிய வச்சிட்டு ஊருக்கு நடையக் கட்டுன்னு செட்டியாரு முன்னாலயே சொல்லிட்டாரு.

அன்னக்கிளி: …நெசமாவா? உங்கள அனுப்பிருவாகளா?

சேவுகன்: சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அதான் பயமா இருக்கு. இரு, என்ஜினை நிறுத்துறேன்.

அன்னக்கிளி: அப்பாடா. இப்பத்தான் காது திரும்பி வந்துச்சு.

சேவுகன்: கிளிப்பைக் கழட்டிப் பாப்போம்… என்னது இது? மஞ்சக் கலர்ல ஓடு மாதிரி… இந்தா, மோந்து பாரு.

அன்னக்கிளி: எனக்கெதுக்கு?

சேவுகன்: சந்தனம்!

அன்னக்கிளி: ஓ, அதுவா… புது எந்திரத்துக்குப் பொட்டு வச்சிட்டு வான்னு ஆச்சி காலையில அனுப்புனாக. நீங்க பெட்ரோல் வாங்கப் போயிட்டீக.

சேவுகன்: பொட்டுன்னா மேலாக்க வைக்கணும். இது கிளிப்பைக் கழட்டி, உள்ள இருக்கிற ஈயக் குமிழ்ல சுத்தி அப்பி, திரும்ப மாட்டியிருக்கு. காஞ்சு இறுகிப் போச்சு. மின்சாரம் எந்த வழியாப் போகும்?

அன்னக்கிளி: பெட்டிக்கு நெத்தி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

சேவுகன்: அன்னக்கிளி…

அன்னக்கிளி: என்ன?

சேவுகன்: கிளிப்பைக் கழட்ட எங்க கத்துக்கிட்ட?

அன்னக்கிளி: நீங்கதான் மோட்டார்ல தெனம் கழட்டி மாட்டுறீகளே. அடுப்படி சன்னல்ல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்.

சேவுகன்: அடுப்படியில நின்னு என்னையவா பாக்குற?

அன்னக்கிளி: மோட்டாரப் பாக்குறேன்.

சேவுகன்: எல்லாப் பெட்டியிலயும் அப்பிட்டியா?

அன்னக்கிளி: முன்வரிசைக்கு மட்டுந்தான். பின்வரிசைக்குப் போறப்பச் சந்தனம் தீந்து போச்சு.

சேவுகன்: அப்படின்னா முள்ளு பாதியாவது ஏறியிருக்கணுமே…

அன்னக்கிளி: அத என்னையக் கேட்டா? நான் என்ன டிரைவரா? கத்தியக் குடுங்க, நானே சுரண்டுறேன். உங்க வேலைக்கு வெனை வரும்னு தெரிஞ்சிருந்தா வச்சிருக்கவே மாட்டேன்.

சேவுகன்: பாத்து. உள்ள திராவகம் இருக்கு. தெறிச்சா எரியும்.

அன்னக்கிளி: எரிச்சல் எனக்குப் புதுசா?

சேவுகன்: …கன்னத்துத் தழும்பச் சொல்றியா?

அன்னக்கிளி: நீங்க பாக்காத மாதிரியே இருங்க. எல்லாரும் அப்படித்தான் இருக்காக.

சேவுகன்: இதுக்காகத்தான் லைட்டு வேணாம்னியா?

அன்னக்கிளி: அதிரசம் சுடுறப்ப எண்ணெய் தெறிச்சது. தீவட்டி வெளிச்சத்துல ஒருச்சாய்ச்சு நின்னா ஒண்ணும் தெரியாது. உங்க லைட்டு மூக்குத்திக் கல்லையே எண்ணுமாம், கன்னத்தை விட்டு வைக்குமா?

சேவுகன்: மாப்பிள்ளைக்குத் தெரியுமே புள்ள.

அன்னக்கிளி: மாப்பிள்ளைக்குத் தெரியும்னு எனக்குந் தெரியும். நான் போடுற சோத்தைத் தெனம் திங்கிற மனுசருக்கு என் கன்னம் தெரியாதா? அவுக அம்மாவுக்குத் தெரியாதுல்ல.

சேவுகன்: …என்ன சொன்ன?

அன்னக்கிளி: ஒண்ணும் சொல்லல. சுரண்டுறேன்.

சேவுகன்: அப்ப மாப்பிள்ளை யாருன்னு உனக்கு…

அன்னக்கிளி: கொத்தமங்கலம். வளைஞ்ச காலு. மண்ணெண்ணெய் நாத்தம். இந்தக் குளத்தங்கரையில வேற யாரு நிக்கிறா?

சேவுகன்: எப்பத் தெரியும்?

அன்னக்கிளி: அண்ணன் மதினிகிட்டக் குசுகுசுன்னு சொன்னப்பவே. எங்க வீட்டுச் சுவரு சன்னம்.

சேவுகன்: கள்ளி! தெரிஞ்சுக்கிட்டேதான் குறட்டை, புறான்னு…

அன்னக்கிளி: நீங்க மட்டும்? மாப்பிள்ளை யாராம்னு ஒண்ணுந் தெரியாத புள்ளையாட்டம் கேக்கல?

சேவுகன்: சரி, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. எங்க அம்மா உன்னையப் பாத்தாச்சு. போன வெள்ளிக்கிழமை, உச்சி வெயில்ல, ஆச்சி வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேக்கல ஒரு பொம்பளை?

அன்னக்கிளி: காதுல பாம்படம் போட்டுக்கிட்டு… அய்யோ, அவுகளா! வெத்தலைய வாங்கத் தெரிஞ்சவுகளுக்குச் சுண்ணாம்பு வாங்கத் தெரியாதான்னு கேட்டுட்டேனே!

சேவுகன்: அதச் சொல்லிச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டு இருக்கு. இந்த வாயப் பாத்த பெறகு கன்னத்தை யாருடா பாப்பான்னுச்சு.

அன்னக்கிளி: …நெசமாச் சொல்றீகளா?

சேவுகன்: குளத்துல சாமி வரப்போற நாள்ல பொய் சொல்வேனா? போதும், மாட்டு. என்ஜினைக் கிளப்புறேன்… ஏறுது பாரு! முள்ளு ஏறுது! ஏறு, ஏறு… அட, பாதியிலயே நின்னுக்கிருச்சு.

அன்னக்கிளி: பாதி போதாதா?

சேவுகன்: ரெண்டாஞ் சுத்துலயே மினுக்க ஆரம்பிச்சிரும்.

அன்னக்கிளி: மினுக்கட்டுமே. ஆச்சிய விட்டுச் செட்டியாருகிட்டப் பேசச் சொல்றேன், உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. …ஆமா, உங்க அம்மாதான் முன்னாடியே பாத்துட்டாகளே. பெறகு கொத்தமங்கலத்து ஆளுக இன்னைக்கு என்னத்துக்கு வாராக?

சேவுகன்: அது… உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு மருது சொல்லிருக்காரு.

அன்னக்கிளி: சொல்லுங்க.

சேவுகன்: சாக்கோட்டையில வேற ஒருத்தரு பொண்ணு கேட்டுருக்காராம். நெலம் நீச்சு உள்ள ஆளு. இன்னைக்குப் படியில நின்னு பாக்கப் போறது உன்னைய இல்ல புள்ள, என்னையத்தான். மூணு சுத்தும் லைட்டு அணையாம எரிஞ்சா அன்னக்கிளி உனக்கு, மினுக்குனாக்கூடச் சாக்கோட்டைக்குத்தான்னு சொல்லிட்டாரு உங்க அண்ணன். எங்க ஆளுக வாரது அந்தப் பேச்சுக்குச் சாட்சி நிக்கத்தான்.

அன்னக்கிளி: என்ஜினை நிறுத்துங்க! பாத்துக்கிட்டு நிக்கிறீகளே, நிறுத்துங்கங்கிறேன்! கத்தி எங்க… என்னைய வையாதீக… அந்தப் பின்வரிசையையும் கழட்டுங்க சீக்கிரம். சந்தனம் தீரவே இல்ல… அதுலதான் ரொம்ப அப்பியிருக்கேன்!