நிதானமாக, மறுபடி சொல்லு

அந்த ஜன்னலோரம் வேண்டாம், டாக்டர். இப்படி உள்ளே தள்ளி உட்காருங்கள். நாலு மணிக்கு மேல் கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வந்து காப்பியில் போட்டுவிடும். சாந்தோமில் இருக்கிற எங்களுக்குப் பழக்கம். வந்தவர்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை? சர்க்கரை போதாவிட்டால் சொல்லுங்கள். ரேஷன் சர்க்கரைதான், ஆனால் இருக்கிறது.

மௌலியைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். பிறந்ததிலிருந்து கணீரென்று பேசிய பிள்ளை, இருபத்திரண்டு வயதில் திடீரென்று எப்படித் திக்குவாயானான், எப்போது ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவன் அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். போன ஜூன் மாதம், இந்த அறையில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் ஆரம்பித்தது. நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். மடமடவென்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் பெயர் வில்லியம். எங்கள் அம்மா அவனைப் பெற்ற கையோடு போய்விட்டாள். வளர்த்தது நான். ஐந்து வயதில் அவனுக்குத் திக்க ஆரம்பித்தது. எங்கள் அப்பா ஆரோக்கியநாதன் பள்ளிக்கூட வாத்தியார், சாது மனுஷன், ஒரு நாளும் பிள்ளையைக் கைநீட்டி அடித்ததில்லை. அவன் திக்கும்போதெல்லாம் கன்னத்தைத் தடவி, “பரவாயில்லை ராஜா, நிதானமா, மறுபடி சொல்லு” என்பார். அவர் அப்படிச் சொல்லச் சொல்லப் பிள்ளைக்குத் திக்கல் ஏறிக்கொண்டே போயிற்று. கோபித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அந்த அன்புதான் அவன் தொண்டையைப் பிடித்தது. ஒவ்வொரு வார்த்தையும் வாயை விட்டு வருவதற்கு முன்பே தப்பாகத்தான் வரும் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அப்பா காலமான பிறகு நான் வேறு மாதிரி செய்தேன். அவன் பேசும்போது அவன் வாயைப் பார்க்க மாட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருப்பேன், துணி மடித்துக்கொண்டிருப்பேன். திக்கினால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். சாயங்காலம் அலையோரம் கூட்டிப்போய் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்வேன். அலைச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்காது, அப்போது தங்குதடையில்லாமல் வரும். கடைசியாக ஒரு விரலால் மெல்லத் தாளம் தட்டிக்கொண்டு பேசப் பழக்கினேன். வருஷக்கணக்கில் பிடித்தது. ஆனால் திக்கல் நின்றது, டாக்டர். விரல் மேஜையில் இருக்கிற வரைக்கும் என் தம்பி வெள்ளைக்காரன் மாதிரி பேசினான்.

சீமையில் மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஆங்கிலப் பரீட்சை வைக்கிறார்களே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாள் எழுத்து, ஒரு நாள் பேச்சு. எழுத்தில் நம் பிள்ளைகள் வெளுத்து வாங்குவார்கள். பேச்சில்தான் பல்லை இளிக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் வில்லியம் அந்த மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். எழுத்தில் அவன்தான் முதல். எதிரே இருந்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் பேராசிரியர் ராஜகோபாலன். மௌலியின் அப்பா.

வில்லியம் விரலால் தட்டிக்கொண்டு வாசித்தான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தான். வார்த்தை நின்றுவிட்டது. அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், நன்றாக உறைக்கட்டும் என்று தமிழில், “ஏண்டாப்பா, பரீட்சைக்கு வந்தியா, கச்சேரிக்கு வந்தியா?” என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, மேஜையில் தாளம் போட்டு, அவனை மாதிரியே திக்கிக் காட்டியிருக்கிறார். மற்றவர்கள் சிரித்தார்களாம். இவ்வளவையும் வில்லியம் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது. அதுதான் அவன் கடைசியாகச் சேர்ந்தாற்போல் பேசிய பேச்சு.

அதற்குப் பிறகு தமிழிலும் அவன் பேசவில்லை. கடைக்குப் போனால் கையைக் காட்டுவான். கோயிலில் ஜெபம் சொல்லும்போது உதட்டை மட்டும் அசைப்பான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான மாதம், கடலில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. சின்னப்பையன் என்கிற குப்பத்து வலைக்காரன்தான் உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “பக்கத்துலதாம்மா வலய காயப் போட்டுக்கினு இருந்தோம். ஒரு கூவு கூவியிருந்தா பாஞ்சிருப்பமே. தம்பி வாயே தொறக்கலியேம்மா” என்றான். கூப்பிட முடியவில்லையா, கூப்பிட வேண்டாம் என்று இருந்துவிட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆனால் ராஜகோபாலனைத் தேடிக்கொண்டு நான் போகவில்லை. அவராகத்தான் வந்தார். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள் என்று இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கான்வென்டில் ஐரிஷ் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். என்னிடம் பேச்சுப் பழகிய பிள்ளைகள் தோற்றதில்லை. அப்பாவே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் நாளுக்கு நாள் சண்டை. அதனால் போன ஜூனில் மௌலியைக் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பி கொடுத்தேன். “வேண்டாம்மா, இப்பத்தான் ஆத்துல சாப்டுட்டு வரேன்” என்றார். எங்கள் வீட்டுக் காப்பியை அவர் குடிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? மரியாதைக்குக் கேட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் பையனை ஒழுங்காகத் தயார் செய்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது அவர் தானாகவே ஒரு கதை சொன்னார். “பேச்சுப் பரீட்சைன்னா சாதாரணமில்லே கேட்டேளா. முன்னே ஒருத்தன் வந்தான். மேஜையிலே தாளம் தட்டிண்டுதான் பேசுவான். நிறுத்துடான்னேன், அவ்வளவுதான், வாய் அடைச்சுப் போச்சு” என்று சொல்லி, இந்த மேஜையில், இதோ இங்கே, விரலால் தட்டிக் காட்டினார். மௌலி சிரித்தான். எத்தனையோ தடவை வீட்டில் கேட்டுச் சிரித்த சிரிப்பு அது.

“அந்தப் பையன் பேர் என்ன சார்?” என்று கேட்டேன்.

“பேரா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?” என்றார்.

மறுநாளே பாடம் ஆரம்பித்தேன்.

மௌலி வாயாடி. கேட்டைத் திறக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவான். டிராமில் பார்த்தது, மாம்பலம் ஸ்டேஷனில் கேட்டது எல்லாம் ஆங்கிலத்தில் கடகடவென்று வரும். நன்றாகவே பேசினான். முதல் வாரம் முழுக்கப் பாராட்டினேன். வாரக் கடைசியில் அவன் கிளம்பும்போது, “தம்பி, ஒரு இடத்தில் மட்டும் லேசா மாட்டுது, கவனிச்சியா?” என்றேன். எங்கே என்று கேட்டான். “ஒண்ணுமில்லை. பெரிசா ஒண்ணுமில்லை. நீயே பார்த்துக்கோ” என்றேன். எங்கேயும் மாட்டவில்லை, டாக்டர். ஆனால் திங்கட்கிழமை வந்தபோது அவன் தன் பேச்சையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தான்.

பிறகு அவன் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாயைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற வாக்கியத்தின் நடுவில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு, “பரவாயில்லை தம்பி, நிதானமா, மறுபடி சொல்லு” என்பேன். ஒவ்வொரு வார்த்தையையும் மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே விடச் சொன்னேன். அப்படிச் செய்து பாருங்கள், உங்களுக்கே நாக்கு புரளாது. வில்லியத்துக்கு நான் செய்ததையெல்லாம் தலைகீழாகத் திருப்பிச் செய்தேன், அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் நிஜமாகவே திக்க ஆரம்பித்துவிட்டது. அவன் அம்மா விஜயலக்ஷ்மி அம்மாள் பதறிப்போய் வந்தார். “ஆத்துலயும் இப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசறான். என்ன பண்றது?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபிக்காதீர்கள், திக்குகிற ஒவ்வொரு தடவையும் பிள்ளையை அன்பாக நிறுத்தி மெதுவாக மறுபடி சொல்லச் சொல்லுங்கள் என்றேன். பாவம், அந்த அம்மாள் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். கபாலி கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் பிள்ளையை நிறுத்தி நிறுத்தித் திருத்தினார். அப்பாவுக்கு நான் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. “வாயிலே என்னடா கொழுக்கட்டையா?” என்று அவர் கூச்சல் போடுவது தெருமுனை வரை கேட்குமாம். நான் தொடங்கியதை அந்த வீடே சேர்ந்து முடித்துக் கொடுத்தது.

ஒரே ஒரு நாள் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மௌலி பாடம் முடிந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் முயன்று, “டீ... டீச்சர், நீங்க ஒருத்தர்தான் கோ... கோபிச்சுக்காம கேக்கறேள்” என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.  அன்று அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலைக்கு முன்னால் நிறுத்தியிருந்தால் போதும். கூட்டிப்போகலாம் என்று எழுந்து வாசல்வரை வந்தும்விட்டேன். அப்புறம் அவன் அப்பா தட்டிக் காட்டிய அந்த மேஜையைப் பார்த்தேன். “பரவாயில்லை தம்பி. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மறுபடி சொல்லு” என்றேன்.

பரீட்சையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். பெயர் கேட்டார்களாம். தன் பெயரை அவனால் சொல்ல முடியவில்லை. எதிரே இருந்த வெள்ளைக்காரர் நல்ல மனுஷர் போலிருக்கிறது. பொறுமையாகக் காத்திருந்து, நிதானமாகச் சொல்லலாம் என்றாராம். அதோடு போயிற்று. இப்போது அவனும் கடையில் கையைத்தான் காட்டுகிறான் என்று கேள்விப்படுகிறேன். பெண் கொடுப்பதாக இருந்தவர்களும் பின்வாங்கிவிட்டார்களாம். பேராசிரியர் வீட்டை விட்டு வெளியே தலைகாட்டுவதில்லையாம்.

போலீசில் சொல்வதானால் சொல்லுங்கள். என்னவென்று எழுதிக்கொள்வார்கள்? ஒரு டீச்சர் மாணவனைக் கோபிக்காமல் திருத்தினாள் என்றா?

நீங்கள் வந்தது அதற்கில்லை என்று தெரியும். என் தம்பியின் திக்கலை நிறுத்தியவள் நான் என்று யாரோ சொல்லி, அந்த அம்மாள் உங்களை அனுப்பியிருக்கிறார். முடியும், டாக்டர். மௌலிக்கு வில்லியத்துக்கு ஆன மாதிரி நாளாகாது. முடிச்சுப் போட்டது நான்தானே, எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பையனும் நல்ல பிள்ளை. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

ராஜகோபாலனை வரச் சொல்லுங்கள். இந்த நாற்காலியில் வந்து உட்காரட்டும். மேஜையில் தாளம் தட்டிய அந்தப் பையனின் பெயரைச் சொல்லட்டும். சொன்ன அன்றே மௌலியைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். ஆனால் பெயரை அவர்தான் தேடி எடுக்க வேண்டும். நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். உள்ளேயிருந்து வருகிற பதில் எது, யாரோ சொல்லிக் கொடுத்து வருகிற பதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு.

இதைப் பழி என்று நினைத்துவிடாதீர்கள். பழி வாங்குகிற புத்தி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. இது ஒரு பரீட்சை, அவ்வளவுதான். அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை பெயர் வேண்டுமானாலும் சொல்லிப் பார்க்கலாம். நான் சிரிக்க மாட்டேன். அவர் செய்த மாதிரி செய்து காட்டவும் மாட்டேன். தப்பாகச் சொன்னால் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, “பரவாயில்லை சார், நிதானமா, மறுபடி சொல்லுங்க” என்பேன்.